மூன்றாம் ஓலையை நிறுத்திய ஐந்து

போன ஞாயிறு ஆராதனையில் நான் பிரசங்கத்தைச் சரியாகக் கேட்கவில்லை. கல்யாண ஓலைக்காகக் காத்திருந்தேன். எங்கள் சபையில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு தொடர்ந்து பெண், மாப்பிள்ளை பெயரைக் கோயிலில் வாசிக்க வேண்டும். கருங்கல் ஜவுளிக்கடை ஞானமுத்துவின் மகள் எஸ்தருக்கும் இரணியல் பையனுக்கும் இரண்டு ஓலை வாசித்தாயிற்று. அன்று மூன்றாவது.

போதகர் வாசிக்கவே இல்லை!

பெண்கள் பக்கம் ஒரே குசுகுசுப்பு. எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனாள். ஓலை பாதியில் நின்ற பெண்ணை ஊர் என்னென்ன பேசும் என்று நான் சொல்லவா வேண்டும்?

மறுநாள் காலையிலேயே ஞானமுத்து வீட்டுக்குப் போனேன்.

"என்னவே இது?"

"எண்ணு சரியில்ல வே. ரெண்டு பேருக்கும் அஞ்சு வருது."

விஷயம் இதுதான். கருங்கல் சந்தைக்கு ஒரு 'புரொபஸர்' வந்திருக்கிறான். கோட்டு, தொப்பி, கையில் ஒரு ஸ்லேட். மனதில் இருப்பதைப் படிப்பானாம். ஞானமுத்து, ஜோசியக்காரன் இருக்கும் தெருவில்கூட நடக்கமாட்டார். பாவமாம். ஆனால் இவன் ராசி கேட்கவில்லை, ஜாதகம் கேட்கவில்லை... வெறும் கணக்குத்தானே? கணக்கில் என்ன பாவம்?

பெண்ணுக்கு ஒரு எண், மாப்பிள்ளைக்கு ஒரு எண் நினைக்கச் சொன்னான். பத்தைக் கூட்டச் சொன்னான், கழிக்கச் சொன்னான். இரண்டு தடவையும் ஸ்லேட்டைத் திருப்பினால் ஐந்து! ஐந்து — ஆண்டவரின் ஐந்து காயங்கள். இந்தக் கல்யாணம் நடந்தால் இரத்தம் சிந்தும் என்றானாம். இவர் நேரே போய் ஓலையை நிறுத்திவிட்டார். இரணியல்காரர்களோ, வருகிற ஞாயிறும் வாசிக்காவிட்டால் வேறு இடம் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு எண்ணை நினையும். இரட்டியும். பத்தைக் கூட்டும். பாதியாக்கும். நினைச்சதைக் கழியும். அஞ்சுதானே?"

அவர் வாயைப் பிளந்தார். "ஒமக்கும் மனசு படிக்கத் தெரியுமா?"

"வேற எண்ணை நினையும். ஆனா இப்ப பத்துக்குப் பதிலா எட்டைக் கூட்டும்."

விரல் விட்டு எண்ணினார். "நாலு!"

"நாலு சுவிசேஷம். கல்யாணம் அமோகமா நடக்கும். போதுமா?"

இதில் என்ன மாயம்? இரட்டித்ததைப் பாதியாக்கினால் நினைத்த எண் அப்படியே திரும்பி வருகிறது. அதையும் கழித்துவிட்டால் மிச்சம்? அவன் கொடுத்த பத்தில் பாதி! நீங்கள் ஏழு என்று நினைத்தால் என்ன, எழுநூறு என்று நினைத்தால் என்ன? அவன் உங்கள் மனதைப் படிக்கவே இல்லை. தன்னுடைய எண்ணைத்தான் உங்களிடமிருந்து திருப்பி வாங்கிக்கொள்கிறான்.

திருவிதாங்கூரில் படித்தவர்கள் அதிகம் என்று மார்தட்டுகிறோமே, வெட்கமாக இல்லையா? ஞானமுத்து துணி அளந்தால் ஒரு விரற்கடை பிசகாது. அந்த மூளையைச் சந்தையில் எவனோ ஒரு தொப்பிக்காரன் முன்னால் கழற்றி வைத்துவிட்டு, பெற்ற பெண்ணின் வாழ்க்கையை ஸ்லேட்டில் எழுதி அழித்துவிட்டு வந்திருக்கிறார்!

கதவருகே எஸ்தர் நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"மாமா, நான் அன்னைக்கே அப்பாட்ட இதைத்தான் சொன்னேன். எந்த எண்ணை நினைச்சாலும் அஞ்சுதான் வரும்னு."

"சொன்னியா மக்களே?" என்று மகளிடம் கேட்டார் ஞானமுத்து, ஈனக் குரலில்.

"சொன்னேம்லா. 'பெரியவங்க காரியத்துல ஒனக்கென்ன, சும்மா இரி'ன்னிய."

ஞானமுத்து மேல்வேட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போதகர் வீட்டுக்குக் கிளம்பினார். வருகிற ஞாயிறு மூன்றாம் ஓலை உண்டு. வாசலில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல காலம், நீராவது வந்து சொன்னீர்" என்றார் பாருங்கள்... அப்போதுதான் எனக்குக் கோபம் இரட்டிப்பாயிற்று!

எஸ்தர் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்கிறீர்களா? மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.