பிளாரன்ஸுக்குப் பிடித்த களைத்த குரல்

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பிளாரன்ஸ் ரிக்கார்டு பெட்டியின் மூடியைத் திறந்துவிடுவாள். கைப்பை தோளிலேயே தொங்கும். ஊசியை முந்தானை நுனியால் துடைப்பாள். தூத்துக்குடிக் காற்றில் ஒருநாள் விட்டாலும் உப்புப் பிடித்துவிடும். பாட்டு தொடங்கிய பிறகுதான் நாற்காலி. அதற்குப் பிறகுதான் செருப்பு.

வயது நாற்பத்துமூன்று. கப்பல் ஏஜென்சி ஒன்றில் டைப்பிஸ்ட். காலையிலிருந்து சரக்குப் பட்டியல்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து படி. கார்பன் தாளின் நீலம் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்கூட அவள் விரலை விட்டுப் போவதில்லை. ஐந்தரைக்கு வீடு. ஆறரைக்கு அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்து, உடம்பு துடைத்து, விரிப்பு மாற்றவேண்டும். நடுவில் கிடைக்கும் ஒரு மணி நேரம் ஜாஸ்.

கப்பல்காரர்கள் விட்டுப்போன ஏழு ரிக்கார்டுகள் அவளிடம் உண்டு. டிரம்பெட் அலறினால் ஆகாது. வேகம் காட்டுகிறவர்களைக் கேட்டால், "என்ன, ஓட்டப்பந்தயமா நடக்கு?" என்பாள். தாளக்காரன் குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கம்பித் தூரிகையால் டிரம்மைத் தடவவேண்டும். பாடுகிறவள் வரியைக் கொஞ்சம் பிந்தித்தான் தொடவேண்டும். கூட வேலை பார்க்கும் அற்புதமணி ஒருநாள் வந்து கேட்டுவிட்டு, "என்னக்கா இது, சாவு வீட்டுல எல்லாரும் தூங்கிப்போன மாதிரி இருக்கு" என்றாள்.

"பாடுதவளுக்கே அலுப்பு இருக்கணும்ளா. அப்பதான் நம்ம அலுப்பு அவ பக்கத்துல போய் உக்காரும்."

இந்தப் பைத்தியம் கொழும்பில் பிடித்தது. அப்பா மனுவேல் அங்கே ஒரு ஹோட்டலின் நடன இசைக்குழுவில் கிளாரினெட் வாசித்தார். யுத்த காலம். பன்னிரண்டு வயது பிளாரன்ஸ் அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோய்ச் சமையல்கட்டு வாசலில் நிற்பாள். தட்டு கழுவும் சத்தத்துக்கு ஊடே அப்பாவின் கிளாரினெட்டைத் தனியாகப் பிரித்துக் கேட்பாள். இன்றைக்கும் ஜாஸ் கேட்டால் வெங்காயம் வதங்கும் வாசம் வருகிறது அவளுக்கு.

ஐம்பத்தெட்டில் கலவரம் வந்தது. தமிழன் மேடையில் நின்றால் ஹோட்டலுக்கு ஆபத்து என்று சொல்லி மனுவேலை அனுப்பிவிட்டார்கள். கூட வாசித்த ஆறு பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கலவரம்கூட அவருக்கு ஆறிப்போயிற்று. அந்த ஆறு பேர் பேசாமல் நின்றது ஆறவில்லை. கிளாரினெட்டை அங்கேயே போட்டுவிட்டு ஊருக்கு வந்தவர் பிறகு எதையும் வாசிக்கவில்லை. வாதம் வந்து வலப்பக்கம் விழுந்து இப்போது நான்கு வருடம். பேச்சு குழறும், கோபம் குழறாது. பாட்டு கேட்டதும் கட்டிலிலிருந்து, "ஏளா, அந்தச் சனியன நிறுத்து!" என்பார். அவள் சத்தத்தைக் குறைத்துக் கதவைச் சாத்துவாள். நிறுத்தமாட்டாள்.

எழுபத்துமூன்றில் மெட்ராஸ் கிளைக்குப் பதவி உயர்வு வந்தது. அங்கே பெரிய ஹோட்டல்களில் ஜாஸை நேரிலேயே கேட்கலாமாம். அப்பாவை அவ்வளவு தூரம் கொண்டுபோகக்கூடாது என்றார் டாக்டர். வேண்டாம் என்ற கடிதத்தை அவளே அடித்து மேனேஜர் மேசையில் வைத்தாள். அன்றைக்கும் ஐந்தரைக்கு வந்து ரிக்கார்டு போட்டாள். எதைப் போட்டாள் என்று நினைவில்லை.

போன மாதம் நார்வேக் கப்பல் ஒன்றின் ரேடியோ ஆபீசர் அவளுக்கு ஒரு ரிக்கார்டு கொடுத்தார். பக்கம் முழுக்கக் கிளாரினெட். அவளிடம் இருந்த ஏழில் ஒன்றிலும் அது கிடையாது. வேண்டுமென்றேதான் ஒதுக்கி வந்தாள். ஒரு வாரம் உறையைப் பிரிக்கவில்லை. சனிக்கிழமை மூன்று கப்பல்களின் பட்டியல் ஒன்றாய் வந்து விழுந்தது. வீடு வந்தபோது யாரோடும், தன்னோடேகூட, மல்லுக்கு நிற்கத் தெம்பில்லை. வருவது வரட்டும் என்று அதையே போட்டாள். கதவைச் சாத்தவும் மறந்துபோனாள்.

பாதி ஓடியிருக்கும். "ஏளா!"

"நிறுத்துதேன்பா." எழுந்தாள்.

"நிறுத்தவா சொன்னேன்? அவன் மூச்சு எடுக்குத இடம் தப்பு. பாரு, இப்ப மறுபடியும் எடுப்பான்."

எடுத்தான். அப்பா சிரித்தாரா இருமினாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. 'நிறுத்து' என்பதைத் தவிர, பதினேழு வருடத்தில் பாட்டைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை.

அப்போது பார்த்துக் கரண்டு போயிற்று. கிளாரினெட் இழுபட்டு, கனத்து, எருமைக் குரலாகி அடங்கியது.

"எப்ப வரும்?"

"எட்டு மணி ஆயிரும்பா."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பிளாரன்ஸ் பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைத் தூக்கிவந்து கட்டிலருகே முக்காலியில் வைத்தாள். ஊசியை இறக்கி, ரிக்கார்டின் நடுக் காகிதத்தில் ஆள்காட்டி விரலை வைத்துச் சுற்றினாள். ஊசி முனையிலிருந்து கொசு பாடுவதுபோல் மெல்லிதாக ஒரு சத்தம் வந்தது. கிளாரினெட்தான்.

"கிட்ட" என்றார்.

ஒரு கையால் தலையணையோடு அவர் தலையைத் தூக்கி, காது பெட்டிப் பக்கம் வரும்படி சாய்த்தாள். மறு கை நிற்கவில்லை.

"வெரசாச் சுத்து. இது என்ன, சவ ஊர்வலமா?"

அவள் விரலை மாற்றி வைத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினாள்.