மச்சானின் வெள்ளைக் கைக்குட்டை

பெட்ரோல் பங்கிலிருந்து கிளம்பும் முன் மச்சான் செய்யும் கடைசி வேலை மூக்குச் சிந்துவது. சட்டைப் பையிலிருந்து வெளுத்த கைக்குட்டையை எடுத்துப் பலமாகச் சிந்துவார். பிறகு அதை விரித்து, மாலை வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்துப் பார்ப்பார். "பாத்தியா மாப்ள, பால் மாதிரி இருக்குது" என்று எனக்கும் காட்டுவார். பெட்ரோல் போட வந்தவர்கள் பார்க்கிறார்களே என்று நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். "இன்னா, புதுப்பொண்ணாட்டம் வெக்கப்படற? என் தங்கச்சி உன்னக் கட்டிக்கினு எப்டித்தான் காலம் தள்ளுதோ!" என்று உரக்கச் சிரிப்பார்.

அவர் என் மனைவியின் அண்ணன். கோலார் தங்கவயலில் பிறந்தவர். அவர்களுடைய அப்பா சுரங்கத்தில் பாறை துளைத்தவர். மேலே வந்ததும் துண்டில் மூக்கைச் சிந்திப் பார்ப்பாராம். சாம்பல் நிறமாக வருமாம். கடைசியில் அந்தத் தூசியே நெஞ்சை அடைத்து, இருமி இருமிப் போய்ச் சேர்ந்தார். அங்கே சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் வளர்ந்தவர்களுக்குச் சாவு எப்படி வரும் என்று தெரியும். தூசியாக வரும், இருமலாக வரும். துணி வெள்ளையாக இருந்தால் பயமில்லை. இந்த நம்பிக்கையோடுதான் மச்சான் பெங்களூருக்கு வந்து, பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் சேர்ந்தார். எனக்குக் கல்யாணமானதும் என்னையும் அங்கேயே சேர்த்துவிட்டார். "பூமிக்குள்ள எறங்க வேணாம். காத்து இருக்குது, வெளிச்சம் இருக்குது. அஞ்சாவது படிச்சவனுக்கு இதுக்கு மேல இன்னா வோணும்?" என்றார். எனக்கும் வேறென்ன வேண்டும் என்று தோன்றவில்லை.

டேங்கர் லாரி வந்தால் தரைக்கடியில் இருக்கும் தொட்டியின் மூடியை மச்சான்தான் திறப்பார். திறந்ததும் தொட்டியின் வாயிலிருந்து பெட்ரோல் ஆவி எழும். வெயிலில் அதற்குப் பின்னால் இருக்கும் சுவர் நடுங்குவதுபோலத் தெரியும். அதன்மேல் குனிந்து, அளவுகோலை உள்ளே விட்டு எடுப்பார். டூட்டி முடிந்ததும் வெட்டிய ஆயில் டப்பாவில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்துக் கை கழுவுவோம். சோப்புக்குப் போகாத கிரீஸ் அதில் போய்விடும். கை சில்லென்று குளிர்ந்து, நொடியில் காய்ந்து வெளுத்துவிடும். இதைவிடச் சுத்தம் கிடையாது என்று நினைத்தோம். அந்தக் கையாலேயே சித்ரான்னப் பொட்டலத்தைப் பிரிப்போம். புகை பிடிக்கக் கூடாது என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தது. நெருப்புக்குப் பயந்தோம். பயப்பட வேறொன்றும் இருந்ததாக எங்களுக்குத் தெரியாது.

ஒருநாள் மாலை கைக்குட்டையில் சிவப்பாக இருந்தது. "சூடு, மாப்ள. எளநி குடிச்சா போய்டும்" என்று மடித்து வைத்துக்கொண்டார். பிறகு முழங்கைக்குக் கீழே நீலமாகக் கன்றிப்போயிருந்தது. கேட்டதற்கு, பைக்கில் இடித்துக்கொண்டதாகச் சொன்னார். காய்ச்சல் வந்தது, போனது, மறுபடி வந்தது. மாடிப்படி ஏற முடியாமல் பாதியில் உட்கார ஆரம்பித்தார். தெருமுனை டாக்டர் பீடி உண்டா, குடி உண்டா என்று கேட்டார். இரண்டும் இல்லை என்று மச்சான் பெருமையாகச் சொன்னார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர்தான் முதன்முதலாக, "ஏன் கெலசா மாட்தீரா?" என்று கன்னடத்தில் அவருடைய வேலையைக் கேட்டார். பெட்ரோல் பங்க் என்றதும் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு மச்சானுடைய கைகளைப் பார்த்தார். என்னுடைய கைகளும் அதே மாதிரி வெளுத்து வெடித்திருந்தன. இரண்டையும் மேஜைக்குக் கீழே இழுத்துக்கொண்டேன்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும், ரத்தப் புற்றுநோய் என்றார். ஒருவருக்கு இதனால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாதாம். ஆனால் பெட்ரோலில் பென்சீன் என்று ஒன்று இருக்கிறதாம். கண்ணுக்குத் தெரியாமல் மூச்சிலும் தோலிலும் வருஷக்கணக்காக உள்ளே போனால், எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடத்தையே அது கெடுக்குமாம். மச்சான் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மேஜைமேல் விரித்தார். "தூசியே இல்லியே மேடம். பாருங்க, வெள்ளையாத்தானே இருக்குது?" என்றார். டாக்டர் சிரிக்கவில்லை. அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மழைக்காலத்தை மச்சான் பார்க்கவில்லை.

நான் அதே பங்கில்தான் இருக்கிறேன். வேறு வேலை தெரியாது. பெட்ரோலில் கை கழுவுவதை விட்டுவிட்டேன். தொட்டியின் மூடியைத் திறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். ஆனால் இத்தனை வருஷம் உள்ளே போனதை எதைக்கொண்டு கழுவுவது? இப்போதெல்லாம் எனக்குப் பெட்ரோல் வாசனையே தெரிவதில்லை. என் சட்டை நாறுகிறது என்று பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்காரும்போதுதான் நினைவு வருகிறது. அது எனக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கும்?

போன வாரம் சட்டை மாற்றும்போது மனைவி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இன்னாங்க இது, நீலமா?"

"பம்ப்ல இடிச்சிக்கினேன்."

"எங்க அண்ணனும் இதையேதான் சொல்லிச்சி."

நிஜமாகவே இடித்துக்கொண்டேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை. அவள் மறுநாளே என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ரத்தம் எடுத்த பையன் என்ன வேலை என்று கேட்டான். அவள்தான் சொன்னாள்.

ரத்தப் பரிசோதனையின் முடிவு இன்று மாலை வரும். காலையில் டூட்டிக்குக் கிளம்பும்போது மூக்குச் சிந்தினேன். கையில் இருந்தது மச்சானுடைய கைக்குட்டை. அவர் போன பிறகு அவள் எனக்கு எடுத்துக் கொடுத்தது. என்னை அறியாமல் அதை விரித்து வாசல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தேன். அவள் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்த மடிச்சி உள்ள வைங்க. சாய்ந்தரம் நானும் கூட வரேன்" என்றாள்.

மடித்தேன். துணியில் ஒரு புள்ளிகூட இல்லை. டாக்டரின் மேஜைமேல் மச்சான் விரித்தபோதும் அது இப்படித்தான் இருந்தது.