இழுப்போடு கிளினிக்குப் போன சனிக்கிழமை

எண்பதுகளின் தொடக்கம். சனிக்கிழமை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பாவுக்கு அன்று அரை நாள் வேலை, கிளினிக்கும் மதியத்துக்குப் பிறகு மூடிவிடும்.

ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டத்து வேலையை விட்டு அப்பா ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்திருந்தார். புந்தோங்கில் வாடகை வீடு. தொழிற்சாலையில் எங்கள் குடும்பத்துக்கும் மருத்துவக் காப்புறுதி உண்டு. அவர்கள் சொல்லும் கிளினிக் டாக்டர் கடிதம் கொடுத்தால், பெரிய ஆஸ்பத்திரி நெஞ்சு டாக்டரையும் செலவில்லாமல் பார்க்கலாம். அந்தக் கடிதம்தான் எனக்கு அதுவரை கிடைக்கவே இல்லை.

தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போவதென்றால் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, நல்ல சட்டை போட்டு, பவுடர் பூசித்தான் கூட்டிப்போவார்கள். எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். அம்மா அதைப் புந்தோங்கிலும் விடவில்லை. எனக்கு இழுப்பு வந்ததும் நெஞ்சில் தைலம் தேய்த்து, சுடுதண்ணீர் கொடுத்து, தலை பின்னி ரிப்பன் கட்டுவார். அதற்குள் இழுப்பு அடங்கிவிடும். டாக்டர் குழாயை வைத்துக் கேட்பார், நெஞ்சில் சத்தமே இருக்காது. சளி என்று சிவப்பு மருந்தைக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

அன்று பக்கத்துக் கோயிலில் சாம்பிராணி போட்டார்கள்; அந்தப் புகை எனக்கு ஆகாது. அப்பா வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது என் நெஞ்சு விசிலடித்துக்கொண்டிருந்தது.

"இப்படியே தூக்கு, போலாம்!" என்றார்.

"ஐயோ, தலகூட சீவல லா! இந்தப் பழைய கவுனோடயா? டாக்டர் என்ன நெனப்பாரு?" என்றார் அம்மா.

"டாக்டர் என்ன, பொண்ணு பாக்கவா வாராரு? தைலத்தத் தொடாத!"

எதிர்வீட்டு அண்ணன் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார். அப்பா என்னை நடுவில் வைத்துப் பின்னால் ஏறிக்கொண்டார். பவுடர் டப்பாவோடு அம்மா தெருமுனைவரை ஓடிவந்தார். எனக்கு மூச்சு முட்டியது. ஆனாலும் என் பயமெல்லாம் அது அடங்கிவிடுமோ என்பதுதான்.

"இன்னும் இருக்காம்மா?" அப்பா காதருகே கத்தினார்.

"இருக்குப்பா!"

"சபாஷ்! விட்றாத!"

"பிள்ளைக்கு இழுப்புன்னு சந்தோஷப்படற ஆள இப்பத்தான் பாக்கறேன் அண்ணே," என்று எதிர்வீட்டு அண்ணன் சிரித்தார்.

கிளினிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். அப்பா காலை உள்ளே வைத்துவிட்டார். சீன டாக்டர் என் முதுகில் குழாயை வைத்தார். அப்பா மலாயில் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"டியாம், டியாம்," என்று டாக்டர் கைகாட்டி அடக்கிவிட்டு, குழாயை இன்னோர் இடத்தில் வைத்தார். அவர் புருவம் மேலே ஏறியது. கேட்டுவிட்டது! இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஒரு டாக்டரின் காதில் என் இழுப்பு விழுந்துவிட்டது!

"ஆஸ்துமா," என்றார். மருந்து அடிக்கும் ஒரு நீலக் குழாயை என் வாயில் வைத்து அழுத்தினார். சற்று நேரத்தில் மூச்சு அடிவயிறுவரை போய்வந்தது. அப்படி ஒரு மூச்சை நான் அதுவரை விட்டதில்லை. சிரிப்பு சிரிப்பாக வந்தது.

அவர் கடிதம் எழுதி முடிக்கும்போது, பஸ் பிடித்து வந்த அம்மா பவுடர் டப்பாவும் கையுமாக வியர்க்க விறுவிறுக்க உள்ளே நுழைந்தார். என் முகத்தைப் பார்த்தார், பிறகு அப்பாவை.

"இப்பப் பூசலாமா?"

"தாராளமா பூசு," என்றார் அப்பா. "நெஞ்சு டாக்டர்கிட்டப் போறப்ப மட்டும் டப்பா வீட்லயே இருக்கட்டும்."