கரண்ட் வைத்துக்கொண்டவளும் நானும்

மூன்று மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை. கோயம்புத்தூரிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்குத் திரும்பும் பஸ். பக்கத்தில் என் கொழுந்தனார் மனைவி ருக்மணி. அவள் போனது ஆஸ்பத்திரிக்கு, நான் ஜவுளிக்கடைக்கு. வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் பஸ் நின்றதும் வழக்கம்போல் மறைவிடம் தேடி ஓடினேன். திரும்பி வந்தால்... அவள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறாள்!

எனக்கு வயிறு எரிந்தது.

பிரசவத்துக்குப் பிறகு இருவருக்கும் வந்த தொல்லை இது. மூன்று வருடமாக அடிவயிற்றில் வலி, அடக்க முடியாத அவசரம். கல்யாண வீட்டில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுகிறவர்கள் நாங்கள்தான். வெளியே சொல்கிற விஷயமா?

ருக்மணி சொல்லிவிட்டாள் — புருஷனிடம். அவரும் கூட்டிப் போனார். இடுப்பில் பட்டை ஒட்டி, மூத்திரப்பைக்குப் போகிற நரம்புகளுக்கு லேசாக கரண்ட் கொடுக்கிறார்களாம். வாரம் இரண்டு முறை. எங்கள் தோட்டத்து மோட்டாருக்கே இப்போதுதான் கரண்ட் வந்திருக்கிறது... அதற்குள் இவளுக்கு!

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்குதுங்க்கா. வலி பாதி கொறஞ்சிருச்சு" என்றாள், வீடு வந்ததும்.

சந்தோஷப்பட வேண்டாமா? நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பாத்து கண்ணு. கரண்ட் பாஞ்சா கர்ப்பப்பை சுருங்கிப் போயிருமாம்."

யாரும் எனக்குச் சொல்லாத கதை. அந்த நிமிஷம் என் நாக்கிலேயே பிறந்தது. அவளுக்கு ஒரே பெண். அடுத்த குழந்தைக்கு ஏங்குகிறவள் என்பதும் எனக்குத் தெரியும்.

இரண்டு வாரம் அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஒருநாள் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். அழக்கூட இல்லை. என்னால் பார்க்க முடியவில்லை.

"நாஞ் சொன்னது பொய்யி, ருக்கு. பொறாமைல சொல்லிட்டேன்."

நிமிர்ந்தாள். "ரெண்டு வாரமுங்க்கா... எத்தன வலி தெரியுங்களா?" முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எழுந்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்டே கேட்டாள், "உங்க வூட்டுக்காரர்கிட்ட இன்னும் சொல்லலீங்களா? எனக்கும் சொல்றதுக்குள்ள உசுரே போயிருச்சுங்க்கா."

அன்று சாயங்காலமே அவரிடம் சொன்னேன்.

"ஏம்புள்ள, மூணு வருசமா ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே!"

இப்போது இருவரும் சேர்ந்தே ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அவளுக்கு வலி அநேகமாகப் போய்விட்டது. நான் இன்னும் பல தடவை வர வேண்டும் என்கிறார் டாக்டர்.

பொறாமை போய்விட்டதா என்கிறீர்களா? இல்லை. இப்போதெல்லாம் அவளிடமே சொல்லிவிட்டுப் பொறாமைப்படுகிறேன்... அவ்வளவுதான்!