செய்திக்கு அடியில் இரண்டு வரி

அந்த ஒடிசாக்காரரைப் பிணவறைக்கு வெளியே, ஆம்புலன்ஸ் நிறுத்துகிற இடத்தில் பார்த்தேன். சாயப்பட்டறை ஒன்றின் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவர் மூச்சுத் திணறி இறந்துவிட்டார் என்று காலையில் அலுவலகத்துக்குத் தகவல் வந்திருந்தது. நான் திருப்பூரில் ஒரு நாளிதழின் நிருபர். தொட்டிச் சாவுகளைப் பற்றித் தொடர்ந்து எழுதி வந்தவள் என்பதால் என்னை அனுப்பினார்கள். அங்கே நின்றிருந்த ஒடிசாக்காரர் இறந்தவரின் தம்பி. பனியன் கம்பெனியில் பழகிய தமிழ் அவருக்கு நன்றாகவே வந்தது.

"அண்ணன் எறங்க மாட்டேன்னு சொன்னாருங்க. சூப்பர்வைசர்தான் சும்மா எறங்கு, ஒண்ணும் ஆவாதுன்னாருங்க."

எந்தப் பட்டறை என்று கேட்டேன். அவர் சொன்னது என் அக்கா மகளின் பெயர். அவள் பிறந்த வருஷம் அவள் பெயரிலேயே அக்கா வீட்டுக்காரர் தொடங்கிய பட்டறை அது.

போனில் ஓடிக்கொண்டிருந்த பதிவை நிறுத்தினேன்.

"தம்பி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த ஓனர் எங்க அக்கா ஊட்டுக்காரரு. அதனால இதை நான் எழுதக் கூடாதுங்க. ஆபீஸ்ல இருந்து வேற ஒருத்தர் வருவாரு. அவருகிட்ட எல்லாத்தையும் சொல்லுங்க."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் தெளிந்துவிட்டது.

"அப்படிங்களா அக்கா? அப்ப நீங்களே ஓனர்கிட்ட சொல்லுங்க. அண்ணனை ஊருக்கு அனுப்பணுங்க. அம்மா மூஞ்சி பார்க்கணும்னு அழுவுதுங்க."

பொறுப்பாசிரியரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.

"சொன்னது நல்லதும்மா. நீ விலகிக்க. ஆனா, தொட்டிச் சாவு எல்லாம் உன் பெயர்லதான் வந்திருக்கு. இது மட்டும் ஏன் வேற பெயர்ல வருதுன்னு படிக்கிறவங்க கேப்பாங்க. செய்திக்கு அடியில குறிப்பு போடணும்."

"போடுங்க சார். உடம்பை அனுப்பறதைப் பத்தி மாமாகிட்ட பேசலாமுங்களா?"

"சொந்தக்காரியா பேசு. செய்தியைப் பத்தி வாயைத் திறக்காதே."

மாமா முதல் மணியிலேயே எடுத்தார். உடம்பை விமானத்திலேயே அனுப்பி வைப்பதாகச் சொன்னார். பிறகு, "பட்டறை பேரு மட்டும் வராம பாத்துக்க கண்ணு" என்றார்.

"அது என் கையில இல்லீங்க மாமா. நான் வெலகிட்டேனுங்க."

"வெலகிட்டியா? உன்னை யாரு வெலகச் சொன்னது? நீ இருந்திருந்தா நாலு வார்த்தை பதமா எழுதியிருப்பியே!"

அதற்காகத்தான் விலகினேன் என்று அவரிடம் எப்படிச் சொல்ல?

மறுநாள் செய்தி பட்டறையின் பெயரோடு வந்தது. கீழே சின்ன எழுத்தில் இரண்டு வரி: 'இப்பட்டறையின் உரிமையாளர், தொட்டி மரணங்கள் குறித்து இந்நாளிதழில் எழுதிவரும் நிருபரின் நெருங்கிய உறவினர். இச்செய்தியில் அந்த நிருபருக்கு எந்தப் பங்கும் இல்லை.'

செத்தவரைப் பற்றி என்னிடம் யாரும் விசாரிக்கவில்லை. அந்த இரண்டு வரியைத்தான் கேட்டார்கள். எனக்கு வருஷக்கணக்காகத் தகவல் சொல்லிவந்த தொழிற்சங்கக்காரர், "இத்தனை நாளா எங்ககூட உக்காந்து டீ குடிச்சீங்க. ஒரு பட்டறைக்காரர் ஊட்டுப் புள்ளைன்னு சொல்லவே இல்லீங்களே" என்றார். அதன் பிறகு அவர் என்னைக் கூப்பிடவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா வந்தாள். எங்கள் அப்பா இறந்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அக்கா படிப்பை நிறுத்திவிட்டு பனியன் கம்பெனிக்கு செக்கிங் வேலைக்குப் போனாள். நாள் முழுக்க நின்று துணியில் ஓட்டை பார்த்துவிட்டு வந்து, கால் இரண்டையும் சுவரில் தூக்கி வைத்துப் படுத்துக்கொண்டே என் பாடத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்பாள். அப்படிப்பட்டவள் அன்றைக்கு வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"நடந்ததை எழுதுனாங்க. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. ஒரு உசுரு போயிருக்குது. ஆனா, எங்களுக்கும் உனக்கும் சம்பந்தமே இல்லைன்னு எதுக்கு புள்ள ஊருக்கே தெரியற மாதிரி போட்டே?"

"அப்படிப் போடலக்கா. அந்தச் செய்தியில எனக்குப் பங்கு இல்லைன்னுதான்..."

"ரண்டும் ஒண்ணுதான்."

அம்மா காபி கொண்டுவந்தாள். அதற்குள் அக்கா போய்விட்டாள்.

மாமா மேலும் சூப்பர்வைசர் மேலும் வழக்கு போட்டார்கள். பட்டறை சில மாதம் மூடிக் கிடந்து மறுபடி ஓடத் தொடங்கியது. வழக்கு வாய்தா வாய்தாவாகப் போய்க்கொண்டிருக்கிறது. இறந்தவரின் தம்பி ஊரிலிருந்து ஒருமுறை கூப்பிட்டார்.

"அம்மா அண்ணன் மூஞ்சியைப் பார்த்துருச்சுங்க அக்கா" என்றார். பிறகு, "கேஸ் என்னாச்சுங்க?" என்று கேட்டார்.

செய்தி எழுதிய சக நிருபரின் எண்ணைக் கொடுத்து, அவரிடம் கேட்கச் சொன்னேன்.

"நீங்க சொல்ல மாட்டீங்களா அக்கா?"

"நான் சொல்லக் கூடாதுங்க தம்பி."

"சரிங்க" என்றார். பிறகு நான் இரண்டொரு முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. அவர் கணக்கில் நான் இப்போது யாருடைய ஆள் என்று எனக்குத் தெரியாது.

போன தை மாதம் அக்கா மகளுக்கு வெள்ளகோவில் மண்டபத்தில் கல்யாணம். அம்மாவுக்கு மட்டும் அழைப்பு வந்தது. போய்விட்டு மத்தியானம் திரும்பிய அம்மா, தாம்பூலப் பையைக் கீழே வைக்காமலே நின்றாள்.

"எல்லாரும் உன்னைக் கேட்டாங்க. பேப்பர் வேலை, வர முடியலைன்னு உங்கக்கா சொல்லிட்டா."

அன்றைக்கு எனக்கு வேலை இல்லை. ஒரு வாரம் முன்னாலேயே விடுப்பு சொல்லியிருந்தேன். விடிகாலையில் தலைக்குக் குளித்து, பட்டுப்புடவையை எடுத்துக் கட்டில்மேல் வைத்துவிட்டு, முகூர்த்த நேரம் தாண்டும்வரை போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.