இரண்டு முழங்கால், இரண்டு களிம்பு

மைசூரில் ஒரு தொழிற்சாலை வாசலில், வேலை முடிந்து போகிறவர்களின் பையைத் துழாவுவதுதான் தொட்டையனுக்கு உத்தியோகம். வீட்டிலும் அந்தச் சந்தேகக் கண் மூடவில்லை.

இரண்டு முழங்காலிலும் செதில் செதிலாய்ப் படர்ந்த சொரியாசிஸுக்கு டாக்டர் எழுதித் தந்த ஸ்டீராய்டு களிம்பை வலதுகாலில் பூசினார். ‘இதுதான் ஸ்ட்ராங்’ என்று மருந்துக்கடைக்காரர் தந்த வேறொரு களிம்பை இடதுகாலில் பூசினார். இருவரில் எவன் ஏமாற்றுகிறான் என்று தெரிந்தாக வேண்டும். சும்மா இருக்கும்போதெல்லாம் வேட்டியை ஏற்றி, இதைத் தடவிப் பார்ப்பார், அதைத் தடவிப் பார்ப்பார்.

மாதக் கடைசியில் இரண்டு காலிலும் செதில் ஒன்றுபோலவே உதிர்ந்து தோல் தேறியிருந்தது.

“ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிங்க!” என்று கத்தினார்.

“ஏனுங்க, அந்தக் காலைத் தடவின விரல்லயே இந்தக் காலையும் தடவினா, எந்த மருந்து கேட்டுச்சுன்னு யாருக்குத் தெரியும்?” என்றாள் மனைவி பாப்பாயி.

தொட்டையன் தன் விரலைச் சந்தேகத்தோடு பார்த்தார்.