ஓலை வாசித்த ஞாயிறுகளில் நான் நிறுத்திய மாத்திரை

1997-ம் வருஷம் கோடையில் எங்கள் நீலசந்திரா பேட்டை ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றிருந்தேன். காதில் வண்டு இரைவதுபோல் கேட்டது. வேர்த்துக் கொட்டியது. கண்ணின் ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வந்தது. முழித்தபோது தரையில் கிடந்தேன்.

வெயில்தான் காரணம் என்று நினைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு எங்கே கொஞ்ச நேரம் நின்றாலும் இதே கதை. அடுப்படியில் விழுந்தேன். பஸ் ஸ்டாப்பில் விழுந்தேன். ஆலயத்தில் பாட்டுக்கு எழுந்து நிற்கும்போது விழுந்தேன்.

கர்த்தருக்குள் அன்பானவர்களே, நான் நாலாம் வகுப்பு வரைதான் படித்தேன். நாலு பேர் முன்னால் நின்று சாட்சி சொல்லவும் வராது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் வீட்டில் ஊதுபத்தி உருட்டுகிறவள். உட்கார்ந்திருந்தால் எனக்கு ஒன்றுமே இல்லை. அதனால் யாரும் நம்பவில்லை. பக்கத்து வீட்டுப் பாக்கியம் கேட்டாள்: “உக்காந்தா ஜம்முனு கீறே, நின்னா மட்டும் பொத்துனு வுழுறே. இன்னாக்கா, தண்ணி புடிக்கச் சோம்பேறித்தனமா?” உள்ளே போய் அழுதேன். ஜெபக் கூட்டத்தில் சிலர் இதை ஆவியின் அபிஷேகம் என்றார்கள். சிலர் பிசாசு என்றார்கள். எது என்று தெரியாமல் நான் பயந்தேன். கணவர் இல்லாத வீடு. கடைசிப் பெண் ஸ்டெல்லாவுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

ஸ்டெல்லா கார்மெண்ட்ஸ் வேலைக்கு லீவு போட்டு என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அங்கே என்னைக் கட்டிலோடு பட்டை போட்டுக் கட்டி, கட்டிலையே நிமிர்த்தி நிறுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் மயங்கிவிட்டேன். தெளிந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. டாக்டர் முன்னாலேயே விழுந்துவிட்டேன், இனி நடிப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

உப்பு சேர்த்துக்கொள், தண்ணீர் நிறையக் குடி என்றார்கள். போதவில்லை. ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அதுவும் கேட்கவில்லை. பிறகு டாக்டரம்மா சொன்னார்: “நிக்கும்போது ரத்தம் காலுக்கு இறங்கிடுதும்மா. அதை மேலே அனுப்பற நரம்பு உங்களுக்குக் குழம்பிப் போகுது. இந்த மாத்திரை மனச்சோர்வுக்குக் குடுக்கறது. சில பேருக்கு இந்த மயக்கத்துக்கும் கேக்குது. எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன். பார்க்கலாம்.”

மருந்துக் கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டுச் சத்தமாகக் கேட்டார்: “ஏம்மா, இது மெண்டலுக்குக் குடுக்கறதாச்சே! வூட்ல யாருக்கு?” கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். மாத்திரையை வாங்கி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த தடவையிலிருந்து வேறு பேட்டைக்குப் போய் வாங்கினேன்.

முதல் வாரங்களில் குமட்டல். ராத்திரி தூக்கம் இல்லை. ‘ஆண்டவரே, இது மருந்தா, தண்டனையா?’ என்று கேட்டுக்கொண்டே விழுங்கினேன். மெதுவாக விழுவது குறைந்தது. “அம்மா, இந்த மாசம் நீ வுழவேயில்லை, கவனிச்சியா?” என்று ஸ்டெல்லா சிரித்தாள்.

1998 கடைசியில் இதே ஊரில் ஒக்கலிபுரத்திலிருந்து அவளுக்கு நல்ல சம்பந்தம் வந்தது. சபையில் ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். மூன்று ஞாயிறு இருவர் பெயரையும் சொல்லி, இந்த விவாகத்துக்குத் தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்பார்கள். அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. பெண்ணின் அம்மா மெண்டல் மாத்திரை போடுகிறாள் என்று யாராவது எழுந்து சொல்லிவிட்டால்? என் மாத்திரைதான் அந்தத் தடை என்றே நினைத்துவிட்டேன். “சொல்லிடலாம்மா” என்றாள் ஸ்டெல்லா. “வாயைத் தொறக்காதே” என்றேன். முதல் ஓலை அன்றே, அவளுக்குத் தெரியாமல், மாத்திரையை நிறுத்தினேன். ‘தாலி ஏறும்வரை இது யாருக்கும் தெரியக்கூடாது ஆண்டவரே’ என்று முழங்காலில் கெஞ்சினேன்.

நிறுத்தியதும் தலைக்குள் கரண்ட் அடிப்பதுபோல் இருந்தது. இரண்டாம் ஓலை ஞாயிறு, மாப்பிள்ளையின் அம்மாவும் எங்கள் சபைக்கு வந்திருந்தார். பாட்டுக்கு எழுந்தேன். வண்டு இரைந்தது. முழித்தபோது என் தலை சம்பந்தியம்மா மடியில் இருந்தது.

எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். ஸ்டெல்லா அழுதுகொண்டே, “அம்மா, மாத்திரை போட்டியா?” என்றாள். “என்ன மாத்திரை?” என்றார் சம்பந்தியம்மா. இனி மறைக்க முடியாது. “மெண்டலுக்குக் குடுக்கறது” என்று சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டேன். அவர் என் கையை விலக்கினார்.

“ஏன் சம்பந்தி, நான் சர்க்கரைக்குத் தினம் ஊசி போட்டுக்கறேன். அதைத் தடைன்னு யாராச்சும் சொன்னாங்களா? கல்யாணம் உங்க பொண்ணுக்கா, உங்க மாத்திரைக்கா? மொதல்ல எழுந்து காபி குடிங்க.”

சுற்றி நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். நானும் அழுகையோடு சிரித்தேன். மறுநாள் அவரே ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தார். தானாக நிறுத்தியதற்கு டாக்டரம்மா நன்றாகத் திட்டினார். பிறகு சின்ன அளவிலிருந்து மறுபடி தொடங்கினார்.

கல்யாண நாள் வந்தது. மாத்திரை திரும்பப் பிடிக்க இன்னும் நாள் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் உடன்படிக்கை சொல்லும்போது எல்லாரும் எழுந்தார்கள். கொஞ்ச நேரத்தில் காதில் இரைச்சல். ‘இப்போது வேண்டாம் ஆண்டவரே!’ சம்பந்தியம்மா எதிர்வரிசையிலிருந்து வந்து என் தோளை அழுத்தினார். “உக்காருங்க. யார் என்ன சொல்றாங்கன்னு நான் பார்த்துக்கறேன்.” சபை முழுக்க நிற்க, நான் ஒருத்தி மட்டும் உட்கார்ந்தேன். முன்னால் அந்த வெட்கத்துக்காகத்தான் நின்று நின்று விழுந்திருக்கிறேன். இரைச்சல் அடங்கியது. என் பிள்ளை கழுத்தில் தாலி ஏறியதை முழுசாகக் கண்ணால் பார்த்தேன்.

ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டது. மாத்திரை இன்னும் போடுகிறேன். கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரம்மாதான். எப்போதாவது மயக்கம் எட்டிப் பார்க்கும், உடனே உட்கார்ந்துவிடுவேன். யாருக்கும் தெரியக்கூடாது என்று ஜெபித்தேன். ஆண்டவர் எல்லாருக்கும் தெரியும்படி செய்து, என் பிள்ளையின் வாழ்க்கையையும் காப்பாற்றினார். அவருக்கே ஸ்தோத்திரம்.

வியாதியை மறைத்துக்கொண்டு தவிக்கிற சகோதரிகளே, உங்களுக்கு எந்த மருந்து என்று எனக்குத் தெரியாது. அதை டாக்டரிடம் கேளுங்கள். கொடுத்ததை ஜெபித்து விழுங்குங்கள். பயமாக இருக்கிறதே, இதுவும் விசுவாசமா என்று யோசிக்காதீர்கள். நான் ஜெபித்ததெல்லாம் பயந்துகொண்டேதான். அவர் கேட்டார்.